கைக்குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்கவைக்கும் நுரையீரல் வைரஸ்கள்: ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியின் சாரம் இது: “ஐந்து மாதக் குழந்தை. இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, அட்மிட் செய்துவிட்டோம். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் ஆர்.எஸ்.வி., ரைனோ என்று இரண்டு வைரஸ் பாசிட்டிவ். ஆக்சிஜன் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறார்கள், நெபுலைசரையும் நிறுத்திவிட்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. எந்தெந்த வைரஸ் இப்படிச் செய்யும், இதற்கு மருந்தே கிடையாதா?”

முதலில் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கே நடப்பது முறையான சிகிச்சை. ஆக்சிஜன் கொடுப்பது, பால் உள்ளே போகிறதா என்று பார்ப்பது, மூக்கை அடைக்கும் சளியை எடுத்துவிடுவது, மூச்சின் வேகத்தை விடாமல் கவனிப்பது. ஆர்.எஸ்.வி. (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்) தாக்கிய கைக்குழந்தையை எந்த நாட்டின் பெரிய மருத்துவமனையில் சேர்த்தாலும் இதைத்தான் செய்வார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லாதபோதும் குழந்தையைக் காப்பாற்றும் சிகிச்சை உண்டு. குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவர்கள் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இந்த ஒன்றைத்தான்.

இனி நடப்பது என்ன என்று பார்ப்போம். மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும் சளி மேல் சுவாசப்பாதைத் தொற்று. அது குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய், அதன் கிளைகள், காற்றுப்பைகள் வரை இறங்கினால் கீழ் சுவாசப்பாதைத் தொற்று. இதில் பெற்றோர் காதில் அடிக்கடி விழும் பெயர்கள் இரண்டு. காற்றுப்பைகளில் நீர் கோத்தால் நிமோனியா. அதற்குச் சற்று மேலே, மிகச் சிறிய மூச்சு நுண்குழல்கள் வீங்கி அடைத்துக்கொண்டால் பிராங்கியோலைட்டிஸ். இரண்டாவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நோய், அதிலும் ஆறு மாதத்துக்குக் கீழே மிகக் கடுமையாக வரும்.

ஒரே வைரஸ் வீட்டில் அப்பாவுக்கு வெறும் ஜலதோஷமாகவும் குழந்தைக்கு மூச்சுத்திணறலாகவும் வருவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. காரணம் குழாயின் அளவு. காற்று ஓடும் குழாயின் ஆரம் பாதியானால், சீரான ஓட்டத்தில் அதன் தடை இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு கூடும். பெரியவர்களின் நுண்குழலில் சிறு வீக்கம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்து மாதக் குழந்தையின் நுண்குழலுக்கு அது பெரிய அடைப்பு. வைரஸ் குழாயின் உட்சுவர்ச் செல்களைக் கொல்கிறது. செத்த செல்கள், சளி, வெள்ளையணுக்கள் எல்லாம் சேர்ந்து கட்டியாகி, மழைக்கால வடிகாலில் சருகு அடைத்த மாதிரி குழாயை மூடுகின்றன. காற்று உள்ளே போகிறது, வெளியே வர முடியவில்லை. அதனால்தான் குழந்தையின் நெஞ்சு உப்பித் தெரிகிறது, வெளிமூச்சில் விசில் சத்தம் கேட்கிறது, விலா இடுக்கு உள்ளே இழுக்கிறது.

அப்படியானால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு வைரஸ் காரணம்? இதைத் தேடிய இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது அமெரிக்காவில் 2010 முதல் 2012 வரை மெம்பிஸ், நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி ஆகிய மூன்று நகரங்களில் நடந்தது. நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்து, எக்ஸ்ரேயிலும் அது உறுதியான குழந்தைகளை எடுத்துக்கொண்டு, மூக்கு, தொண்டை, ரத்தம் என்று எல்லா வழியிலும் கிருமியைத் தேடினார்கள். 2015இல் முடிவு வெளியானது. 66 சதவீதக் குழந்தைகளிடம் வைரஸ் மட்டும் இருந்தது. பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 8 சதவீதம், இரண்டும் இருந்தவர்கள் 7 சதவீதம். ஆர்.எஸ்.வி. 28 சதவீதத்தினரிடமும், ரைனோ வைரஸ் 27, மெட்டாநிமோ வைரஸ் 13, அடினோ வைரஸ் 11 சதவீதத்தினரிடமும் தென்பட்டன.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்குத்தான் இரண்டாவது ஆய்வு. வங்கதேசம், தாய்லாந்து, காம்பியா, கென்யா, மாலி, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயுற்ற குழந்தைகளையும், அதே ஊர்களில் இருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மற்ற குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். எச்.ஐ.வி. இல்லாத, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்த குழந்தைகளில் 61 சதவீதம் வைரஸால், 27 சதவீதம் பாக்டீரியாவால் என்று 2019இல் கணக்கு வந்தது. ஆர்.எஸ்.வி. ஒன்றே 31 சதவீதம். வேறு எந்தக் கிருமியும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த நிலைக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் குழந்தைகளின் நிமோனியா என்றாலே நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகிய இரண்டு பாக்டீரியாக்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இப்போது தடுப்பூசி இருக்கிறது. ஹீமோஃபிலஸுக்கு எதிரானது அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பரில். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுக்க வந்தது. பாக்டீரியா பின்வாங்கிய இடத்தில் வைரஸின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. அதற்காக பாக்டீரியா நிமோனியா ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தடுப்பூசி தவறிய குழந்தைக்கும் ஊட்டம் குறைந்த குழந்தைக்கும் அது இன்னும் உயிரைப் பறிக்கும் நோய்.

ஆர்.எஸ்.வி.யைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், உங்கள் குழந்தைக்கு வந்திருப்பது அதுதான் என்பதால். 1956இல் அமெரிக்காவில் ஆய்வகச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது இந்த வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. “சிம்பன்சி சளிக் கிருமி” என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் என்ற மருத்துவர் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடம் அதே வைரஸைப் பிரித்தெடுத்தார். பிறகுதான் புரிந்தது, இது மனிதக் குழந்தைகளின் வைரஸ், சிம்பன்சிகளுக்கு நம்மிடமிருந்து போயிருக்கிறது என்று. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையாவது தொட்டுவிடும். பெரும்பாலோருக்கு வெறும் சளியோடு போய்விடும். ஒரு சிறு பகுதிக்கு நுரையீரல் வரை இறங்கும். அந்தச் சிறு பகுதியே உலக அளவில் எவ்வளவு பெரிது என்று பாருங்கள்: 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 3.3 கோடி நுரையீரல் தொற்றுகள், 36 லட்சம் மருத்துவமனைச் சேர்க்கைகள், ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மரணங்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மரணங்களில் மருத்துவமனைக்குள் நடந்தவை சுமார் 26 ஆயிரம் மட்டும்.

கடைசியாகச் சொன்ன எண்ணை மறுபடி படியுங்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகள் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருக்கிறார்கள். 97 சதவீத மரணங்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்கும் இதே வைரஸ்தான் வருகிறது, அவர்களிடமும் அதைக் கொல்லும் நல்ல மருந்து இல்லை. வித்தியாசம் ஆக்சிஜனும் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதும்தான். உங்கள் குழந்தையின் மூக்கில் இருக்கும் அந்தச் சின்னக் குழாயைப் பார்த்து “ஆக்சிஜன் மட்டும்” என்று எழுதியிருந்தீர்கள். உலகம் முழுக்க இந்த நோயில் பிழைக்கும் குழந்தையையும் பிழைக்காத குழந்தையையும் பிரிப்பது பெரும்பாலும் அதுதான்.

இரண்டு வைரஸ் பாசிட்டிவ் என்றதும் நோய் இரட்டிப்பு என்று பயந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். ரைனோ வைரஸ் ஜலதோஷத்தின் முதன்மைக் காரணி. ஒருமுறை வந்தால் அதன் மரபணுத் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்கும், பி.சி.ஆர். பரிசோதனை அதையும் பிடித்துவிடும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் எந்த நோய் அறிகுறியும் இல்லாத குழந்தைகளையும் சோதித்தார்கள். அவர்களில் 17 சதவீதத்தினரிடம் ரைனோ இருந்தது! ஆர்.எஸ்.வி., மெட்டாநிமோ, ஃப்ளூ போன்றவையோ அவர்களிடம் 3 சதவீதத்துக்கு மேல் தென்படவே இல்லை. ஆகவே ஆர்.எஸ்.வி. பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அதுவே குற்றவாளி. ரைனோ பாசிட்டிவ் என்றால் அது வெறுமனே அங்கே இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு வைரஸ் மூக்கில் இருப்பதும் அதுவே நுரையீரலைக் கெடுத்ததும் ஒன்றல்ல. பல கிருமிகளை ஒரே தடவையில் சொல்லும் விலை உயர்ந்த பரிசோதனைகளின் அறிக்கையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்தாக வேண்டும். சாதாரண பிராங்கியோலைட்டிஸுக்கு அந்தப் பரிசோதனையே பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் கருத்து. வைரஸின் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுக்கும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஐ.சி.யு.வில் உள்ள குழந்தை, எதிர்ப்புசக்தி குறைந்த குழந்தை, ஃப்ளூ சந்தேகம், வார்டில் யாரை யார் பக்கத்தில் படுக்கவைப்பது என்ற முடிவு ஆகிய இடங்களில் அது உதவும்.

ரைனோவை ஒரேயடியாக ஒதுக்கியும் விட முடியாது. 2006க்குப் பிறகு தெரியவந்த சி வகை ரைனோ, வழக்கமான செல் வளர்ப்பில் வளராததால் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. வயது கூடிய குழந்தைகளுக்கு இளைப்பு வந்து அட்மிட் ஆவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் திரும்பத் திரும்ப வீசிங் வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது ஆர்.எஸ்.வி.யைவிட ரைனோவைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மெட்டாநிமோ வைரஸின் பெயர் 2025 ஜனவரியில் எல்லார் வாயிலும் அடிபட்டது நினைவிருக்கும். பெங்களூரில் இரண்டு குழந்தைகள், பிறகு சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவர் என்று செய்தி வந்ததும் இன்னொரு கோவிட் வந்துவிட்டதாக வாட்ஸ்அப் கொதித்தது. உண்மையில் இதை 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். சேமிப்பில் இருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது 1958ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) இருந்தது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துபோகும் பழைய வைரஸ் இது, ஆர்.எஸ்.வி.யின் நெருங்கிய உறவு. நோயும் அதே மாதிரிதான், சற்று வயது கூடிய குழந்தைகளில் அதிகம். அந்த ஜனவரியில் நடந்தது புதிய வைரஸின் வருகை அல்ல. எப்போதும் இருந்ததைச் சோதித்துப் பார்த்து, செய்தியாக்கினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அடினோ வைரஸ். பெரும்பாலான வகைகள் சாதுவானவை. காய்ச்சல், தொண்டைவலி, கண் சிவப்பு என்று ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் 3, 7 போன்ற சில வகைகள் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். 2023இன் தொடக்கத்தில் கொல்கத்தாவின் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததும் பல குழந்தைகள் உயிரிழந்ததும் இதனால்தான். அங்கே பரவியதில் 7, 3 வகைகளின் மரபணுக் கலப்பில் உருவான ஒரு வைரஸ் முக்கியமாக இருந்தது. இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, காய்ச்சல் 103, 104 டிகிரி என்று நாள்கணக்கில் நிற்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் எகிறும். பார்ப்பதற்கு அச்சு அசலாக பாக்டீரியா நிமோனியா போலிருக்கும். இரண்டாவது, பிழைத்து வந்த சில குழந்தைகளின் நுண்குழல்கள் தழும்பேறி நிரந்தரமாக அடைத்துவிடும். இருமலும் இளைப்பும் மாதங்கள் கடந்தும் போகாது. கடுமையான அடினோ நிமோனியாவில் இருந்து வீடு திரும்பிய குழந்தையை நீண்ட நாள் தொடர்ந்து பார்க்கச் சொல்வது இதற்காக.

பாராஇன்ஃப்ளூயன்ஸாவில் நான்கு வகை. முதல் இரண்டும் குரல்வளையைப் பிடித்து, நாய் குரைப்பது போன்ற இருமலைத் தரும். மூன்றாவதுதான் கைக்குழந்தைகளின் நுரையீரல் வரை இறங்குவது. போகா வைரஸ் 2005இல் சுவீடனில் கண்டறியப்பட்டது, பெரும்பாலும் வேறொரு வைரஸோடு சேர்ந்தே தென்படும். கோவிட் வைரஸ் பெரியவர்களின் நுரையீரலைப் பாழாக்கிய அளவு குழந்தைகளின் நுரையீரலைத் தொடவில்லை.

மருந்தே கிடையாதா என்று கேட்டீர்களே, இந்தப் பட்டியலில் இரண்டு நோய்களுக்கு உண்டு, அதனால்தான் அவற்றைத் தவறவிடக் கூடாது. ஒன்று ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸா. ஓசெல்டாமிவிர் மருந்தைக் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். காய்ச்சல் தொடங்கி முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், மருத்துவமனையில் சேரும் அளவு கடுமையானால் தாமதமானாலும் கொடுப்பார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஃப்ளூ தடுப்பூசியும் போடலாம். ஃப்ளூவுக்குப் பின்னால் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே நுழைந்து நுரையீரலைச் சீழாக்கும் ஆபத்தும் இருக்கிறது. காய்ச்சல் விட்டு இரண்டு நாளில் மறுபடி ஏறி, குழந்தை துவண்டால் உடனே காட்ட வேண்டும்.

இன்னொன்று தட்டம்மை. அம்மை என்றதும் மஞ்சள், வேப்பிலையோடு வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தட்டம்மையில் சாகும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொல்வது அதோடு வரும் நிமோனியாதான். இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பது மரணத்தையும் கண் பார்வை இழப்பையும் குறைக்கும். 2022இன் இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது அதில் பெரும்பகுதி தடுப்பூசி முழுமையாகப் போடாதவர்கள். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஊசி அது.

இப்போது ஆன்டிபயாடிக் விஷயம். ஆர்.எஸ்.வி. வந்த குழந்தையின் ரத்தத்தில் கூடவே பாக்டீரியாவும் இருப்பது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். எக்ஸ்ரேயில் வெண்மையாக ஓர் இடம் தெரிந்தால் உடனே நிமோனியா என்று எழுதி ஊசி போடுவது நடக்கிறது. பிராங்கியோலைட்டிஸில் சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கினாலும் எக்ஸ்ரேயில் அப்படியேதான் தெரியும். அதனாலேயே சாதாரண பிராங்கியோலைட்டிஸுக்கு எக்ஸ்ரேயே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, சால்புட்டமால் நெபுலைசேஷன் ஆகியவையும் வழக்கமாக வேண்டாம் என்பதே அதன் நிலைப்பாடு. நெபுலைசரை நிறுத்தியது உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. அந்த மருந்து, இறுகிய மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துவது. ஆஸ்துமாவில் தசை இறுகியிருக்கும், அதனால் உடனே பலன் தெரியும். ஐந்து மாதக் குழந்தையின் அடைப்பு வீக்கத்தாலும் சளியாலும் வந்தது, அங்கே தளர்த்துவதற்கு ஒன்றுமில்லை. இதயத்துடிப்பு கூடுவதுதான் மிச்சம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு மாதத்துக்கும் குறைவான சிசு, மிக உயர்ந்த காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் குழந்தை, வென்டிலேட்டர் வரை போன குழந்தை, ஊட்டச்சத்துக் குறைவான குழந்தை, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்த குழந்தை என்றால் டாக்டர் ஆன்டிபயாடிக் தொடங்கத்தான் செய்வார், அது சரியும்கூட. உங்கள் டாக்டர் வேண்டாம் என்றதும் இன்னொரு குழந்தைக்கு அவரே வேண்டும் என்றதும் முரண்பாடு இல்லை. நேரில் பார்ப்பவருக்கே அந்த முடிவு தெரியும்.

ஆக்சிஜனுக்கு அடுத்த படிகளும் இருக்கின்றன. மூச்சு இன்னும் சிரமமானால் ஈரமும் வெப்பமும் ஏற்றிய காற்றையும் ஆக்சிஜனையும் மூக்கு வழியாக வேகமாகச் செலுத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால், வெளிமூச்சுக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, அந்த அழுத்தத்தால் நுரையீரல் சுருங்காமல் விரித்து வைக்கும் பபிள் சி-பாப். இதை விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமல் செய்யலாம் என்று காட்டியவர் டாக்காவின் முகமது ஜொபாயெர் சிஷ்டி. அவரும் சகாக்களும் ஒரு பிளாஸ்டிக் ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் குழாயைச் செருகினார்கள். 2015இல் வெளியான அவர்களின் ஆய்வில், சாதாரண முறையில் குறைந்த வேகத்தில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளைவிட இதில் இருந்த குழந்தைகள் குறைவாக இறந்தார்கள். நுரையீரல் நோயில் நம் பகுதி உலகத்துக்குக் கொடுத்த கொடைகளில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

பிராங்கியோலைட்டிஸ் மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்தில் இருக்கும். அதனால் சேர்த்த மறுநாள் குழந்தை இன்னும் மோசமானதாகத் தெரிந்தால் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை, நோயின் நடையே அதுதான். பிறகு மெல்ல இறங்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். இடையில் குழந்தை குடிக்கும் பாலின் அளவைக் கவனியுங்கள், வழக்கத்தில் பாதிக்குக் கீழே போனால் நர்ஸிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்போது ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் மூக்கு வழிக் குழாயிலோ ட்ரிப்ஸிலோ கொடுப்பார்கள், அதற்குக் கலங்க வேண்டாம்.

பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் உங்கள் குழந்தைக்கும் இடையே வைரஸ் போய்வருவது பற்றி அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கரோலின் ஹால் செய்த பழைய ஆய்வு ஒன்று உண்டு, 1981இல் வந்தது. ஆர்.எஸ்.வி. வந்த குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சியவர்கள், குழந்தையைத் தொடாமல் அதைச் சுற்றியிருந்த பொருட்களை மட்டும் தொட்டுத் தங்கள் கண்ணையோ மூக்கையோ தேய்த்துக்கொண்டவர்கள், ஆறடிக்கு அப்பால் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்கள் என்று மூன்று குழுவாகத் தன்னார்வலர்களைப் பிரித்தார்கள். கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்கும், பொருளைத் தொட்ட 10 பேரில் 4 பேருக்கும் தொற்றியது. தள்ளி உட்கார்ந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை. இந்த வைரஸ் பெருமளவு கை வழியாகப் பயணிக்கிறது. கட்டில் கம்பி, பால் பாட்டில், போன் எல்லாவற்றிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் குழந்தையைத் தொடும் முன் கை கழுவுவதும், சளி பிடித்தவர் வராமலே இருப்பதும் மனத்தாங்கல் வந்தாலும் கேட்டு வாங்க வேண்டியவை. பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையின் ஜலதோஷம்தான் பல வீடுகளில் ஆர்.எஸ்.வி. உள்ளே வரும் வாசல்.

வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் அன்போடு செய்ய வருவதில் மூன்றை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகை, வீங்கிய நுண்குழலை இன்னும் எரிச்சலூட்டும். விறகுப் புகையும் பீடி, சிகரெட் புகையும் அப்படித்தான், குழந்தைக்கு நுரையீரல் தொற்று கடுமையாக வருவதற்கே இவை காரணமாகின்றன. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுவது இரண்டும் ஆபத்து. நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெயை இருமி வெளியேற்றக் குழந்தையால் முடியாது, அது தனியொரு நிமோனியாவாகவே மாறும். மூன்றாவது கற்பூரம். தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவும் கற்பூரம் தோல் வழியாகவும் ஏறி வலிப்பைக் கொண்டுவரக்கூடும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம்.

திரும்ப ஓடிவர வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமான மூச்சு. எண்ணாமலே கிளம்ப வேண்டியவையும் உண்டு: நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் கண் திறக்காத அசதி, இடையில் மூச்சு நின்று நின்று வருவது. கடைசியாகச் சொன்னது இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆர்.எஸ்.வி.யின் முதல் அறிகுறியாகவே வரலாம், சளி அதிகம் தெரியாமலேயே. அப்போது 108ஐ அழைக்கத் தயங்கவே கூடாது.

இதைத் தடுக்க வழியில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். அறுபது ஆண்டுக் கதை அது. 1966இல் அமெரிக்காவில் ஃபார்மலின் என்ற வேதித் திரவத்தில் செயலிழக்கவைத்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வைரஸ் வந்தபோது ஊசி போட்டவர்களுக்கு நோய் பல மடங்கு கடுமையானது. தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பல பத்தாண்டுகள் இந்தத் துறையே உறைந்து நின்றது. வைரஸின் மேற்புறத்தில் உள்ள எஃப் புரதம் செல்லுக்குள் நுழையும் முன் ஒரு வடிவத்திலும் நுழைந்த பின் வேறு வடிவத்திலும் இருக்கும். பயனுள்ள ஆன்டிபாடி பெரும்பாலும் முதல் வடிவத்துக்கு எதிராகத்தான் உருவாக வேண்டும். பழைய தடுப்பூசியில் இருந்தது இரண்டாவது வடிவம். ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம், பீட்டர் குவோங் ஆகியோர் 2013இல் முதல் வடிவத்தின் அமைப்பைக் கண்டறிந்து, அதைக் கலையாமல் நிலைநிறுத்தவும் கற்றார்கள். அதே வழியில் கற்ற பாடம்தான் பின்னர் கோவிட் தடுப்பூசிகளின் கூர்முனைப் புரதத்தை வடிவமைக்கவும் உதவியது.

இன்று இரண்டு வழிகள் கையில் உள்ளன. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி ஒன்று, 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. சோதனையில், பிறந்து முதல் மூன்று மாதங்களில் கடுமையான ஆர்.எஸ்.வி. நோயை 82 சதவீதம் அளவு குறைத்தது. மற்றொன்று நிர்செவிமாப், குழந்தைக்கு நேரடியாக ஒரே தடவை போடும் ஆன்டிபாடி ஊசி, ஒரு பருவம் முழுக்கப் பாதுகாக்கும். ஸ்பெயினின் கலீசியா பகுதியில் 2023 குளிர்காலத்தில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அதைப் போட்டார்கள்; போட்டுக்கொண்ட குழந்தைகள் ஆர்.எஸ்.வி. நுரையீரல் தொற்றுக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 82 சதவீதம் குறைந்தது. இதற்கு முன் 1998இல் வந்த பாலிவிசுமாப் என்ற ஆன்டிபாடி ஊசி, மாதாமாதம் போட வேண்டியதும் விலை மிக அதிகமானதும் என்பதால் குறைமாதக் குழந்தை, இதயக் குறைபாடுள்ள குழந்தை போன்றவர்களோடு நின்றுவிட்டது. இந்தியாவின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இவை எதுவும் சேரவில்லை. சேர வேண்டும் என்று உரத்துக் கேட்பதற்கான காரணம், மேலே எழுதிய 97 சதவீதம் என்ற எண்ணிலேயே இருக்கிறது. அடுத்த முறை கர்ப்பமாகும்போது மகப்பேறு மருத்துவரிடம் தாய்க்கான ஊசியைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை தாய்ப்பால், புகையில்லாத வீடு, காலம் தவறாத நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், தட்டம்மை ஊசிகள் உங்கள் கையில் இருக்கின்றன.

இது மறுபடி வருமா? வரும். ஆர்.எஸ்.வி. நிலையான எதிர்ப்புசக்தியைத் தருவதில்லை, அடுத்த ஆண்டே திரும்பலாம். ஆனால் அதற்குள் மூச்சுக்குழல் வளர்ந்திருக்கும், உடலுக்கும் வைரஸை ஓரளவு தெரிந்திருக்கும், அதனால் இரண்டாவது முறை பெரும்பாலும் லேசாகவே போகும். சிறுவயதில் கடுமையான ஆர்.எஸ்.வி. வந்த குழந்தைகளில் சிலருக்கு அடுத்த சில ஆண்டுகள் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வரும். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நீடித்தது, எந்த மருந்துக்குக் கேட்டது, சளி இல்லாத நாட்களிலும் இரவில் இருமல் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்துமாவா இல்லையா என்று பின்னால் முடிவுசெய்ய, மூக்கில் எடுத்த எந்தப் பரிசோதனையையும்விட அந்தக் குறிப்பு அவருக்கு அதிகம் உதவும்.